தலைக்கட்டுக்கு ஒரு சத்தியம்

எனக்கு வாய் நீளம், தைரியம் குட்டை. தண்டையார்பேட்டையில் டோல்கேட் பக்கம் பிறந்து வளர்ந்தவள். பஸ்ஸில் இடித்தவனை நாலு தெருவுக்குக் கேட்கும்படி திட்டுவேன். ஆனால் அவன் திரும்பி ஒரு முறை முறைத்தால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுவேன். இப்படிப்பட்ட ஒருத்தி எண்ணூரில் ஒரு மீனவக் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டாள். காதல் கல்யாணம்தான். ஊர் என்னை ஏற்றுக்கொள்ள ஒரு வருஷம் பிடித்தது. அதன் பிறகு எல்லாரையும் மாமா, அத்தை, அண்ணி என்று கூப்பிட்டுக்கொண்டு, வாயைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டு, நல்லபடியாகத்தான் இருந்தேன்.

எங்கள் பகுதிக்கு முன்பு தனி நகராட்சி இருந்தது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் நடந்தே போய்ச் சத்தம் போட்டுவிட்டு வரலாம். திடீரென்று அதைக் கலைத்து எங்களைச் சென்னை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். இனிமேல் நாமும் மெட்ராஸ்காரர்கள் என்று குப்பத்தில் சிலர் கிண்டலாகக் கை குலுக்கிக்கொண்டார்கள். வார்டு எல்லைகளும் மாறின. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் குடியிருப்புகளையும் எங்கள் குப்பத்தையும் ஒரே வார்டாக்கினார்கள். அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் துறைமுகத்துக்கும் கம்பெனிகளுக்கும் ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்கள். எங்களைவிடப் பல மடங்கு பேர். மேயருக்கும் கவுன்சிலருக்கும் தேர்தல் என்று அறிவிப்பு வந்தபோது எங்கள் ஊர்க்காரர்களுக்கு முதலில் வந்தது பயம்தான். அனல் மின் நிலையத்துச் சாம்பல் குழாய் உடைந்து கழிமுகம் வெள்ளையாகிப் போனால் யாரிடம் போய் நிற்பது? அந்தப் பக்கத்துக் கவுன்சிலருக்குக் கடல் எந்தத் திசை என்றாவது தெரியுமா?

அதனால் ஊர் கூடி முடிவெடுத்தது. குப்பத்திலேயே ஒருவரைச் சுயேச்சையாக நிறுத்துவது. நிறுத்திய ஆள் விசைப்படகு வைத்திருந்த வசதியானவர். ஊர்த் தலைவர் கோயில் மைக்கில் பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது.

"ரெண்டு மிசின் வச்சிருப்பான். ஒண்ணு மேயருக்கு. அத்த உங்க இஷ்டத்துக்கு யாருக்கு வேணா அமுக்குங்க. மேயர் எவனும் நம்ம கரைக்கு வரப்போறதில்ல. ரெண்டாவது மிசின் கவுன்சிலருக்கு. அது ஊர் ஓட்டு. ஒரு ஓட்டு கூட வெளிய போவக் கூடாது."

குப்பத்தில் ஊர் சொன்னால் சொன்னதுதான். ஊர்க் கணக்கில் மனிதர்களை ஆள் ஆளாக எண்ணுவதில்லை. கல்யாணமான ஆம்பளை ஒரு தலைக்கட்டு. வரி, சண்டை, சத்தியம், எல்லாமே தலைக்கட்டுக்கு ஒன்று. பெண்சாதி அந்தத் தலைக்குள் அடக்கம். கட்டுப்பாட்டை மீறினால் தள்ளிவைப்பார்கள். அப்படித் தள்ளிவைத்த ஒரு வீட்டை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் படகைத் தண்ணீரில் தள்ள ஒரு கை வராது. பிடித்து வந்த மீனை ஏலம் கூற ஆள் கிடையாது. அந்த வீட்டுப் பெண் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வந்து நிற்பாள். யாரும் அவளை விரட்ட மாட்டார்கள், அவள் குடம் நகரவும் விட மாட்டார்கள். அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, எந்த ஜென்மத்திலும் இந்த வம்பு நமக்கு வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு பெண் சுயேச்சையாக நின்றாள். மெயின் ரோட்டில் இட்லிக் கடை வைத்திருந்தவள். அவளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஒரு நாள் காலையில் எங்கிருந்தோ கண்ணை எரிக்கும் வாயு வந்து குப்பம் முழுக்க இருமியது. என் மகள் அப்போது சின்னப் பிள்ளை. மூச்சு இழுத்துக்கொண்டு நீலம் பாரித்துவிட்டாள். வீட்டுக்காரர் கடலில் இருந்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடினேன். ஒரு ஆட்டோவும் நிற்கவில்லை. அந்த அக்காதான் இட்லிப் பானையை அப்படியே அடுப்பில் விட்டுவிட்டு நடுரோட்டில் கையை விரித்து நின்று ஒரு வண்டியை மறித்தாள். கூடவே ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். மகளுக்கு ஆக்சிஜன் வைத்திருந்த நேரம் முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அன்றைய வியாபாரம் மொத்தமும் போனது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பிரச்சாரத்துக்கு அவள் எங்கள் குப்பத்துக்கும் வந்தாள். நுழையும் இடத்திலேயே நாலு ஆம்பளைகள் நின்று, மரியாதையாகத்தான், "இங்க வேணாம்மா, இது ஊர் ஓட்டு, உனுக்கு எதுக்கு வீண் அலைச்சல்" என்றார்கள். கூட்டத்தில் நான் நின்றிருந்தேன். அவள் கண் என் மேல் பட்டது. நான் சிரிக்கலாமா, கூடாதா என்று திணறிக்கொண்டிருந்தபோதே அவள் என்னை முன்பின் பார்க்காதவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்காகத்தான் அப்படிச் செய்தாள்.

ஓட்டுப் போடும் நாள் வந்தது. குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் எங்கள் ஊருக்கென்றே ஒரு சாவடி. அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றேன். சொன்ன மாதிரியே இரண்டு இயந்திரங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மேயருக்கு யாருக்குப் போட்டேன் என்பது முக்கியமில்லை. ஆனால் எனக்குப் பிடித்ததை, யாரையும் கேட்காமல், என் விரலாலேயே அமுக்கினேன். வீட்டில் என்ன குழம்பு என்பதைக் கூட நான் அப்படி முடிவு செய்ததில்லை. மனசுக்கு ஜில்லென்று இருந்தது. அந்த ஜில்லிப்பு அடங்குவதற்குள் விரல் அடுத்த இயந்திரத்துக்குப் போய்விட்டது. அக்காவின் சின்னத்துக்கு நேராக அமுக்கிவிட்டேன். பீப் என்று நீளமாகச் சத்தம் வந்தது. ஊருக்கே கேட்டிருக்கும் என்று தோன்றியது.

வெளியே வந்தால் வெயில். வாசலில் ஊர்த் தலைவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "இன்னாமா, போட்டாச்சா?" என்றார். "ஆச்சு மாமா" என்றேன். அவர் முகத்தைப் பார்க்காமல் நடையைக் கட்டினேன்.

ஆனாலும் எனக்கு ஒரு தைரியம் இருந்தது. எல்லாப் பெட்டியையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்துதான் எண்ணுவார்கள், கடலில் விழுந்த துளி மாதிரி என் ஓட்டு காணாமல் போய்விடும் என்று நினைத்திருந்தேன். ராத்திரி சாப்பாட்டின் போது பேச்சுவாக்கில் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் சிரித்தார்.

"அது சீட்டு இருந்த காலம்மே. இப்ப மிசினு. எந்தச் சாவடி மிசின்ல எவனுக்கு எத்தினின்னு அதது தனித்தனியா சொல்லிரும். நம்ம ஆளுங்க பேனாவோட குந்திகினு எழுதிகினு வருவானுங்க."

கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. அன்றிலிருந்து எண்ணும் நாள் வரை நான் நானாக இல்லை. யாராவது வாசலில் செருமினால் திடுக்கிடுவேன். மகளைக் காரணமில்லாமல் அதட்டினேன். பக்கத்து வீட்டு அண்ணி "இன்னா, மசக்கையா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று கூட யோசித்தேன்.

எண்ணினார்கள். ஏதோ ஒரு கட்சி ஆள் ஜெயித்தார். எங்கள் ஊர் ஆளும் தோற்றார், அக்காவும் தோற்றாள். என் ஓட்டால் ஒருவருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. மேயர் யார் என்பதை நாங்கள் மறுநாள் டீக்கடையில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டோம். தோற்றதற்காக ஊர் அவ்வளவாகக் கலங்கவில்லை. அந்தப் பக்கத்து ஜனத்தொகைக்கு முன்னால் ஜெயிப்போம் என்று யாரும் பெரிதாக நம்பியிருக்கவில்லை. ஊரை உலுக்கியது வேறு. எங்கள் சாவடி இயந்திரத்தில் அந்த இட்லிக் கடைக்காரிக்கு ஓட்டு விழுந்திருந்தது. கைவிரலில் எண்ணிவிடலாம், அவ்வளவுதான். ஆனால் விழுந்திருந்தது.

அப்படியென்றால் நான் மட்டும் இல்லை. இது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. யாரோ ஒருத்தர் மாட்டினால் எல்லாரும் மாட்டுவோம் என்றுதான் பட்டது.

ஒரு நாள் பகலில் கோயில் மைக் அலறியது. சாயங்காலம் தலைக்கட்டு ஒவ்வொருத்தரும் கெங்கையம்மன் கோயிலுக்கு வர வேண்டும், கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்று. எரிகிற கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அணைத்து, அம்மன் முன்னால் சொல்லும் சத்தியம் அது. பொய் சொன்னவனைக் கடல் திருப்பி அனுப்பாது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். என்ஜின் திருடிவிட்டு இல்லை என்று சத்தியம் செய்த ஒருவனின் படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்த கதையைச் சொல்லுவார்கள். நான் வந்த புதிதில் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். எங்கள் டோல்கேட்டில் அம்மா மேல் சத்தியம் பண்ணாமல் ஒருவன் ஒரு கிலோ தக்காளி கூட விற்க மாட்டான். ஆனால் கடல்காரனுக்குப் பெண்சாதியாகிச் சில வருஷம் போன பிறகு அந்தச் சிரிப்பு வரவில்லை. அந்த முகத்துவாரத்தில் சத்தியமே பண்ணாதவர்கள் படகும் எத்தனையோ கவிழ்ந்திருக்கிறது. அன்றைக்கு அது என் நினைவுக்கு வரவேயில்லை. என் புருஷன் என்னால் தெரியாமல் பொய்ச் சத்தியம் பண்ணப் போகிறார், மறுநாள் கடலுக்குப் போகப் போகிறார், இது மட்டும்தான் மண்டைக்குள் சுற்றியது.

அவர் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னேன்.

"யோவ், நீ சாயங்காலம் சத்தியம் பண்ணாத."

"இன்னாத்துக்கு?"

"நம்ம வூட்ல கீறது ரெண்டு ஓட்டு. ஒண்ணுதான் ஊருக்கு விழுந்துது."

அவர் கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்த அக்காவுக்கா?"

தலையாட்டினேன். அவர் மகள் இருந்த பக்கம் பார்த்தார். அவள் பிளாஸ்டிக் மூடிகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். பிறகு மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்துத் தட்டிலேயே கை கழுவினார்.

"வேற யார்கிட்டனா சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத."

"ஜொரம்னு படுத்துக்கய்யா. நான் போய் சொல்லிட்டு வரேன், எய்ந்திருக்க முடியலன்னு."

"ஊரே வரும்போது நான் மட்டும் படுத்துகினா, அதுக்கு நேராவே போய் சொல்லிரலாம்."

"அப்ப நேராவே சொல்லு. என் பொண்டாட்டி போட்டுட்டான்னு சொல்லு. இன்னா வேணா பண்ணட்டும்."

அவர் எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் உண்மையைச் சொல்லத்தான் போகிறார் என்று நான் நம்பினேன். வேறு எதுவும் நம்ப எனக்குத் தைரியம் இல்லை. குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் லாரிக்கு நிற்கப்போகும் அந்த மாதிரி நாட்களை மனசுக்குள் பார்த்துக்கொண்டேன். அதையும் தாங்கிக்கொள்ளலாம், அவர் கரையில் இருப்பார் என்று தேற்றிக்கொண்டேன்.

சாயங்காலம் ஆம்பளைகள் கோயிலுக்குள் வரிசையாக நின்றார்கள். பெண்கள் நாங்கள் வெளியே கம்பி வேலிக்கு இந்தப் பக்கம். தாம்பாளத்தில் கற்பூரம் ஏற்ற ஏற்ற ஒவ்வொருவராக வந்து கையால் அணைத்து, "எங்க தலைக்கட்டு ஓட்டு மொத்தமும் ஊருக்குத்தான்" என்று சொல்லிவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டு போனார்கள். யாரும் தயங்கவில்லை. ஒவ்வொருவரும் அணைத்த பிறகு பெண்கள் கூட்டத்தில் ஒரு பெருமூச்சு வந்தது.

என் வீட்டுக்காரர் முறை வந்தது. புதுக் கற்பூரம் ஏற்றினார்கள். அவர் வாயைத் திறந்து உண்மையைச் சொல்வதற்காக வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் கையை உயர்த்தினார். பொத்தென்று தீயை அணைத்தார். "எங்க தலைக்கட்டு ஓட்டு மொத்தமும் ஊருக்குத்தான்" என்றார். குரல் கொஞ்சம் கூட நடுங்கவில்லை. நடுங்கியதெல்லாம் நான்தான்.

கடைசி ஆள் வரைக்கும் எல்லாரும் சத்தியம் செய்துவிட்டார்கள். ஊர் சுத்தம் என்றாகிவிட்டது. தலைவர் எழுந்து, "சரி, மிசின்ல எதோ கோளாறு" என்று சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தார். ஆம்பளைகள் சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். நான் பெண்கள் முகங்களைப் பார்த்தேன். பல பேர் கலகலவென்றுதான் இருந்தார்கள். சிலர் மட்டும் தரையைப் பார்த்தபடி நடந்தார்கள்.

வீட்டில் அவர் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தேன். உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் தடவினேன். சின்னக் கொப்புளம் ஒன்று இருந்தது. "நாளைக்கு ஒரு நாள் போவாத" என்றேன். "நாளைக்குப் போவலன்னாதான் கேப்பாங்க" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

விடியும் முன் போனார். என்ஜின் சத்தம் தேய்ந்து மறையும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன். அதன் பிறகு வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. நன்றாக விடிந்ததும் மகளை எதிர் வீட்டில் விட்டுவிட்டு நேராக ஊர்த் தலைவர் வீட்டுக்குப் போனேன். சத்தியத்தைக் கேட்ட ஊரே அதைச் செல்லாது என்று சொல்லிவிட்டால் அம்மனும் விட்டுவிடுவாள் என்று ஒரு கணக்குப் போட்டிருந்தேன். தள்ளிவைத்தாலும் வைக்கட்டும். திரும்பிவிடலாம் என்று அந்தச் சின்னத் தெருவிலேயே இரண்டு முறை நின்றேன்.

தலைவர் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பினார்.

"மாமா, நேத்து அவரு பண்ண சத்தியம்..."

"போம்மா."

"இல்ல மாமா, அவரு மேல தப்பு இல்ல. ஓட்டு போட்டது..."

"ஏம்மா, உனுக்குச் சொன்னா புரியாது?" என்று குரலைத் தாழ்த்தினார். இரண்டு பக்கமும் பார்த்தார். "காலைலேர்ந்து நீ மூணாவது ஆளு. எனுக்குக் காது கேக்கல. இன்னா, புரிஞ்சுதா? நீ ஒண்ணியும் சொல்லல, எனுக்கு ஒண்ணியும் கேக்கல. கேட்டுச்சின்னா அப்பால நான் மூணு வூட்டையும் தள்ளிவெக்கணும். என் கையில அது வாணாம்."

மூன்றாவது ஆள். அப்படியே நின்றுவிட்டேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் இதே தெருவில் இதே மாதிரி நின்று நின்று நடந்து வந்திருக்கிறார்கள்.

"சரி மாமா. ஊர் விட்டுட்டது. ஆனா அந்தச் சத்தியம்? அத்த இல்லன்னு சொல்லிருங்க மாமா. ஒரு வார்த்தை."

அவர் மறுபடி வாயைக் கொப்பளித்துத் துப்பினார். அவருக்கும் அது எளிதாக இல்லை என்று முகத்தில் தெரிந்தது.

"அது அம்மனுக்கும் உன் வூட்டுக்காரனுக்கும் நடுவுல கீற விசயம். அதுல ஊர் வராது. போய் வேலையைப் பாரு."

எதற்குப் பயந்தேனோ அது நடக்கவில்லை. தள்ளிவைக்கவில்லை, அவமானம் இல்லை. ஆனால் எதைக் கேட்க வந்தேனோ அது கிடைக்கவில்லை. ஊரிலிருந்து தப்பித்துவிட்டோம் என்று சந்தோஷப்பட என்னால் முடியவில்லை. கரைக்கு நடந்தேன்.

படகுகள் திரும்பும் நேரத்துக்கு இன்னும் நிறைய இருந்தது. அந்த நேரத்தில் பெண்கள் யாரும் கரையில் நிற்பதில்லை. அன்றைக்கு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருத்தி, என்னிடம் மசக்கையா என்று கேட்ட அதே அண்ணி. இன்னொருத்தி எனக்கு அதிகம் பழக்கமில்லாதவள், அவளுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவர்களுக்கு அந்த அக்கா என்ன செய்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. அவர்களும் என்னைக் கேட்கவில்லை. நான் போய்ப் பக்கத்தில் நின்றதும் அண்ணி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். நிலக்கரிக் கப்பல் ஒன்று துறைமுகத்துக்கு உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. அதற்கும் எங்களுக்கும் நடுவில் எந்தப் படகும் தெரியவில்லை.

வெயில் ஏறியது. படகுகள் ஒவ்வொன்றாக முகத்துவாரத்தில் தலைகாட்டின. முதலில் அண்ணி வீட்டுப் படகு வந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், ஆனால் போகவில்லை, எங்களோடுதான் நின்றாள். அடுத்தது அந்தப் புதுப்பெண்ணின் வீட்டுக்காரர். அவளும் போகவில்லை. எங்கள் படகு மட்டும் வரவில்லை. மற்றவர்கள் வலையை உதறி, மீனை ஏலத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அம்மனிடம் என்னென்னவோ பேசினேன். அமுக்கினது என் விரல், எடுத்துக்கொள்வதென்றால் அதை எடுத்துக்கொள் என்றேன். கெஞ்சினேன், கொஞ்ச நேரத்தில் திட்டவும் ஆரம்பித்துவிட்டேன்.

பிறகு வந்தது. வலை எங்கோ சிக்கிக்கொண்டதாம், அறுத்து எடுக்க நேரமாகிவிட்டதாம். படகு மணலில் ஏறியதும் தண்ணீருக்குள் இறங்கி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். ஏலக்காரர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அவருக்கு வெட்கமாகிவிட்டது.

"இன்னாமே இது, எல்லாரும் பாக்கறாங்க. சத்தியம் பண்ணது நானு, நீ எதுக்கு இப்பிடி நடுங்குற?"

பிடித்த சட்டையை நான் விடவில்லை.

"அதான் வந்துட்டன்ல? இன்னும் இன்னா பயம்?"

"நாளைக்கும் போவியே" என்றேன்.